சசிரேகாவின் இரண்டாவது அம்பு

புனிதன் மெல்லாமல் விழுங்கிக்கொண்டிருந்தான். நாசி லெமாக் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு சோற்றை உருண்டை உருண்டையாக வாய்க்குள் தள்ளினான். தாடை அசையவே இல்லை, தொண்டை மட்டும் ஏறி இறங்கியது. எதிரே உட்கார்ந்து வில்லின் நாணுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்த சசிரேகாவின் கை தானாக நின்றது.

பிரிஞ்சாங் ஊருக்கு மேலே, ஆளில்லாத ஒரு தோட்டத்து லயத்து வீடு அது. நண்பகலிலேயே பனிமூட்டம் வாசல்வரை வந்து தேயிலைச் சரிவை மறைத்திருந்தது. காட்டிலிருந்து இறங்கிவந்து கொழுந்து பறிப்பவர்களை இழுத்துப்போகும், ஆள் நீளத்துக்கு வளர்ந்த மலையட்டைகளைக் கொல்வதுதான் மூவரின் பிழைப்பு. எஸ்டேட் எஸ்டேட்டாக ஒரே வேனில் போவார்கள். சசிரேகா அம்பு எய்வாள், புனிதன் செத்ததை எரிப்பான், ஆட்களிடம் பேசுவதெல்லாம் ரூபினி. சசிரேகா நாள் முழுக்க வாய் திறக்காவிட்டாலும் அவர்கள் ஏன் என்று கேட்டதில்லை. அதற்காகவே அவர்களோடு இருந்தாள்.

அன்று காலை ஓடையில் ஒன்றை வீழ்த்தியிருந்தாள். அம்பைப் பிடுங்குவதற்குப் புனிதன் முழங்கைவரை அதன் சதைக்குள் கையை விட்டான்.

சோப்புப் போட்டுக் கழுவிய பிறகும் அவனிடம் ஒரு நாற்றம் இருந்தது. அழுகிய தேயிலையும் மீன் கழுவிய தண்ணீரும் கலந்த நாற்றம், அறை முழுக்கப் பரவி அவள் நாக்கில் பிசுபிசுவென்று படிந்து, எச்சிலைக்கூட விழுங்க விடாமல் செய்தது.

"காச்சல் அடிக்குது லா," என்று சொல்லி ரூபினி அவன் கழுத்தில் தைலம் தேய்த்தாள். அவள் விரலுக்கடியில் அவன் தோல் வெந்த கோழித்தோல்போல வழுக்கி நகர்ந்தது. அவள் கவனிக்கவில்லை.

"ரூபி, இங்க வா."

"இருடி. அவனுக்கு ஒடம்பு சரியில்ல."

"எந்திரிச்சு வான்னு சொல்றேன்ல."

சோற்றின் ஓரத்தில் அவன் ஒதுக்கி வைத்திருந்த வெள்ளைத் துண்டுகளை, தோலுரித்த கடலை என்றுதான் சசிரேகா நினைத்திருந்தாள். குனிந்து பார்த்தாள்.

பற்கள்.

போன மழைக்காலத்தில் அவள் கால் முறிந்தபோது, தானா ராத்தா ஆஸ்பத்திரிவரை முதுகில் சுமந்து போனவன் இவன். வழியெல்லாம் சிரிக்க வைத்தவன். அந்த முதுகு இப்போது சட்டைக்குள் உப்பி உப்பி அடங்கியது.

அம்பைப் பூட்டினாள்.

புனிதன் நிமிர்ந்து சிரித்தான். வெறும் ஈறுகளுக்கிடையே சாம்பல் நிறத்தில் ஏதோ நெளிந்தது.

எய்தாள்.

தொண்டையில் தைத்தது. ரத்தம் வரவில்லை. கூழ். வெதுவெதுப்பான சாம்பல் கூழ்.

"பாவி! என்னடி பண்ணிட்ட?" ரூபினி அவன்மேல் விழுந்து காயத்தை உள்ளங்கையால் பொத்தினாள்.

"கைய எடு ரூபி! எடு!"

கூழ் கீழே வழியவில்லை. மேலே ஏறியது. அவள் விரல்களில். நகக்கண்களுக்குள். புனிதன் காலிச் சாக்குபோலச் சுருங்கி விழுந்தான்.

சசிரேகா அடுத்த அம்பை எடுத்தாள். நாணை இழுத்தாள். பாதிக்குமேல் வரவில்லை.

"சசி..." ரூபினியின் குரல்தான். அவளேதான். அழுதாள். "உள்ள என்னமோ ஊருதுடி. எடுத்து விடேன்."

ரூபினியின் கழுத்தில் ஒரு புடைப்பு. கன்னத்துக்கு ஏறியது. மெதுவாக. கண்ணோரம் வந்து நின்றது. இமைக்கு அடியிலிருந்து மெல்லிய சாம்பல் நுனி ஒன்று வெளியே நீண்டு, காற்றை மோந்து, வளைந்து, அவள் கன்னத்தில் வழிந்த கண்ணீரை உறிஞ்சத் தொடங்கியது.