அமெரிக்கா வாசலில் ஒரு சோடிச் சப்பாத்து

செல்போன் அலறியது.

பாரிஸின் ரூ காய் தெருவில், மரக்கறிக் கடை முன்னால் வெண்டிக்காய் நுனிகளை முறித்துப் பார்த்துக்கொண்டிருந்த கஜனி அதைக் காதில் வைத்தாள்.

"சொல்லுங்கோ அண்ணை."

"எங்கை நிக்கிறாய்?" துஷ்யந்தனின் குரல் பிசிறியது.

"ரூ காயிலை. என்ன, குரல் ஒரு மாதிரிக் கிடக்கு?"

"லூடோவிக் செத்துப்போனான்!"

"விசர்க்கதை கதையாதையுங்கோ!"

"சத்தியமா கஜனி... மரக்குடிசைக்குள்ளை கிடக்கிறான். தலை பிளந்து... பொலிஸ் வந்திட்டுது!"

வெண்டிக்காய்கள் நடைபாதையில் உருண்டன.

லூடோவிக்... லா ஷப்பலின் பின்தெரு ஒன்றில் இருந்த சின்னஞ்சிறு அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தின் இயக்குநர். இரு நூற்றாண்டுகளுக்கு முந்தைய குடியேறிகளின் மரக்குடிசை ஒன்றை அங்கே அச்சு அசலாகக் கட்டி வைத்திருந்தார்கள். கட்டில், அடுப்பு, இரும்புப் பானை... எல்லாம் உண்டு. அதைப் படமெடுத்து, யாரும் வீட்டிலிருந்தபடியே உலாவிப் பார்க்கும்படி இணையத்தில் ஏற்றுவது கஜனியின் வேலை.

வாசலில் காவல் இருப்பது அவளுடைய அண்ணன் துஷ்யந்தனின் வேலை.

இன்று செவ்வாய்க்கிழமை. அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. காலையில் உள்ளே இருந்தவர்கள் இரண்டே பேர்.

அதில் ஒருவர் பிணம்!

கஜனி ஓடினாள்.

இன்ஸ்பெக்டர் ஆரெலி, துஷ்யந்தனைக் கதிரையில் உட்காரவைத்துப் பிரெஞ்சில் குடைந்துகொண்டிருந்தாள்.

"காலையிலிருந்து எங்கே இருந்தீர்கள்?"

"இதே கதிரையில். பதினொரு மணிக்குத்தான் உள்ளே போய்ப் பார்த்தேன்."

"அதற்கு முன்னால்?"

"அசையவே இல்லை. கள்ளன் பின்கதவை உடைத்திருக்கிறான், பார்க்கவில்லையா?"

"விசித்திரமான கள்ளன்! பானையால் அடித்துவிட்டு, பானையையும் விட்டுவிட்டுப் போயிருக்கிறான்."

"அதை அவனிடம்தான் கேட்க வேண்டும், மதாம்."

ஆரெலி சிரிக்கவில்லை. "பாரிஸை விட்டு எங்கும் போகக் கூடாது."

"எங்கை போறது?" துஷ்யந்தன் தங்கையின் பக்கம் திரும்பித் தமிழில் முணுமுணுத்தான். "வதிவிடக் கார்ட் அடுத்த மாசம் முடியுது. கேஸிலை பேர் விழுந்தால் நான் துலைஞ்சன்!"

"நீங்கள் செய்யேல்லைத்தானே?"

"உனக்கென்ன விசரா?"

அவள் நம்பினாள். அண்ணனை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

தெருவுக்கு வந்தபோதுதான் பொறி தட்டியது.

காமெரா!

குடிசைக்கு எதிர்த்தூணில், தீப்பெட்டி அளவில்! காலை வெயில் குடிசைக்குள் எப்படி நகர்கிறது என்று இணையப் பார்வையாளர்களுக்குக் காட்டுவதற்காக நேற்றுத்தான் ஒட்டியிருந்தாள். பத்து நிமிடத்துக்கு ஒரு படம்.

கள்ளன் படத்தில் விழுந்திருப்பான்!

ரூ லூயி-பிளாங் தேநீர்க் கடை ஒன்றில் நுழைந்து மடிக்கணினியைத் திறந்தாள்.

9.20. வெறும் வாசல்.

9.30. குடிசைக்குள் நுழையும் லூடோவிக்கின் முதுகு.

9.40...

கஜனி படத்தைப் பெரிதாக்கினாள்.

குடிசை வாசலில் ஒரு சோடிச் சப்பாத்து. ஒன்றோடொன்று ஒட்டி, ஒழுங்காக. கறுப்புத் தோல். நீல நாடா. அந்த நாடாவைப் போன கிழமை வாங்கிக் கோத்துக் கொடுத்தவளே அவள்தான்.

9.50. சப்பாத்து இல்லை.

களவெடுக்க வந்த இடத்தில் எந்தக் கள்ளன் சப்பாத்தைக் கழற்றுவான்? கட்டிலும் அடுப்பும் இருந்தால் அது வீடு. வீடென்றால் வெறுங்காலோடுதான் போக வேண்டும்... அப்படிப் பழகிய கால்கள் அன்று அந்தக் கூடத்தில் இரண்டுதான் இருந்தன!

அண்ணனுக்குப் போன் போட்டாள். அரை மணி நேரத்தில் வந்தான்.

"இது என்ன அண்ணை?"

துஷ்யந்தன் திரையைப் பார்த்தான். தேநீர்க் கோப்பையைத் தள்ளிவைத்தான்.

"கொல்லுவம் எண்டு போகேல்லை... கெஞ்சத்தான் போனன்."

"என்னத்துக்கு?"

"கூடத்தை மூடப் போறானாம். இனி எல்லாம் இன்ரநெற்றிலைதானாம். கொம்பியூட்டருக்குள்ளை இருக்கிற குடிசைக்குக் காவல்காரன் எதுக்கு எண்டு சிரிச்சான். வேலை போனால் கார்ட் போச்சு. காலிலை விழுந்தன், கஜனி! அதுக்கும் சிரிச்சான். கையிலை பானை அம்பிட்டுது..."

"அந்த இன்ரநெற் குடிசை... நான் கட்டினது."

"ஓம்," என்றான். "வடிவாத்தான் கட்டியிருக்கிறாய்."

கஜனி படங்களை அழித்தாள். கணினியில், சேர்வரில், காமெராவின் நினைவில்... எல்லா இடத்திலும். மூன்று முறை தேடிப் பார்த்தாள். இல்லை.

"இனி ஒருத்தருக்கும் தெரியாது."

"உனக்குத் தெரியுமே..." என்றான் துஷ்யந்தன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

மறுநாள் காலை அவர்கள் வீட்டு அழைப்பு மணி ஒலித்தது.

ஆரெலி! பின்னால் இரண்டு பொலிஸ்காரர்கள்.

"உங்கள் இணையத்தளத்துக்கு ஒரு கேள்வி வந்திருக்கிறது, மதாம்."

"தளம் இன்னும் திறக்கவில்லையே?"

"பொதுமக்களுக்குத் திறக்கவில்லை. ஆனால் லூடோவிக் திங்கட்கிழமையே திரான்சி ஊர்ப் பள்ளிக்கூடத்து வகுப்பு ஒன்றுக்கு இணைப்பைக் கொடுத்துவிட்டார், சும்மா பரீட்சித்துப் பார்க்க. ஒவ்வொரு படமும் எடுத்த நிமிடமே பிள்ளைகளின் டாப்லெட்டில் இறங்கியிருக்கிறது. உங்களிடம் சொல்லவில்லையா?"

சொல்லவில்லை. இனிச் சொல்லவும் மாட்டான்.

ஆரெலி டாப்லெட்டைத் திருப்பிக் காட்டினாள். 9.40-ன் படம். அதன் கீழே, றொஷானி என்ற பத்து வயதுச் சிறுமி பிரெஞ்சில் எழுதியிருந்தாள்:

'எங்கள் வீட்டைப் போலவே, அந்தக் காலத்து அமெரிக்கர்களும் வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார்களா?'

"ஆசிரியைக்குப் பதில் தெரியவில்லை. கொலைச் செய்தியைப் பார்த்ததும் படத்தை எங்களுக்கு அனுப்பிவிட்டார். இந்த நீல நாடாவை நேற்று உங்கள் அண்ணனின் காலில் பார்த்தேன்."

குளியலறைக் கதவு திறந்தது. ஈரத்தலையோடு வந்த துஷ்யந்தன் டாப்லெட்டைப் பார்த்தான். ஓடவில்லை. ஓட இடமுமில்லை. சுவரில் சாய்ந்து இரு கைகளையும் நீட்டினான்.

"அண்ணை..." என்றாள் கஜனி.

கைவிலங்கைப் பூட்டியபடியே ஆரெலி சொன்னாள்:

"வகுப்பில் இருபத்தெட்டுப் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள், மிஸ்யு. வரலாறு பிழையாகிவிடக் கூடாது, சரியாகச் சொல்லுங்கள்... நீங்கள் அமெரிக்காவில் கால் வைத்தது எத்தனை மணிக்கு?"