காட்டிக் கொடுத்த தாள்

இரும்புக் கதவைத் தாண்டியதுமே மேபெலுக்கு முள்ளிலைப் புகை அடித்தது. போர்க்காலத்தில் ஜெர்மன்காரர்கள் பிடித்து வைத்திருந்த ஜெர்சி தீவில் புகையிலை கிடைக்காமல், அவள் அப்பா காய்ந்த முட்செடி இலைகளைச் சுருட்டிப் பிடிப்பாரே, அதே நாற்றம்.

"இங்க யாரு புகைக்கிறது?"

"மத்தியானத்துல இருந்து ஒரு ஈ காக்கா கூட வரல," என்றான் அல்சிட் ரெனூஃப். பள்ளியில் அவளோடு படித்தவன். கடலைப் பார்த்து ஜெர்மன்காரர்கள் கட்டிய இந்தப் பதுங்கு குழியைக் கழுவி மியூசியமாக்கி, சீருடை மாட்டிய பொம்மைகளை வரிசையாக நிறுத்தியிருந்தான். அதைப் பார்க்கவே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொலைகாரன் வீட்டைக் கூட்டிப் பெருக்கி டிக்கெட் போடுகிறான்!

"அப்பாவைக் காட்டிக் கொடுத்ததுன்னு சொன்னியே, அந்தத் தாள் எங்க?"

"உள் அறையில. மெதுவா வா, தரை வழுக்கும்."

"நாப்பத்து மூணு வருஷமா மெதுவாத்தான் வந்தேன்."

ஜெர்மன்காரர்கள் போட்ட தடையை மீறி அப்பா ரேடியோ கேட்கிறார் என்று யாரோ காட்டிக் கொடுத்தார்கள். பிடித்துக்கொண்டு போனார்கள், ஜெர்மனியில் ஒரு சிறையில் அவர் கதை முடிந்தது. அந்த யாரோ பக்கத்துத் தோட்டத்து அடா ஓசூஃப்தான் என்பதில் மேபெலுக்குச் சந்தேகமே கிடையாது. அடா செத்தபோது கல்லறையில் காறித் துப்பிவிட்டு வந்தவள் அவள். அந்தத் தாளில் அடாவின் கையெழுத்தை மட்டும் இன்று பார்த்துவிட்டால் போதும், ஊர் முழுக்கச் சொல்லிக் கிழித்துவிடலாம்.

நடை நீண்டுகொண்டே போனது. சுவரில் கசிந்த உப்புத்தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழ, காற்றுக்குழாய்க்குள் அலையின் உறுமல் ஏறி இறங்க, அந்தப் புகை மட்டும் யாரோ அவளுக்கு ஓரடி முன்னால் பிடித்தபடி நடப்பதைப் போல விலகாமல் போய்க்கொண்டிருந்தது.

உள் அறையில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருந்தது.

"கமாண்டர் கோப்புல உங்கப்பா பேரோட இருந்தது இது ஒண்ணுதான்," என்றான் அல்சிட். "எழுதினவங்க பேரை எலி தின்னுடுச்சு. நீயே படியேன். ஜெர்மன்ல நீதானே முதல் பரிசு?"

கிண்டலா, வேறேதாவதா? அவள் நிமிர்வதற்குள் அவன் போய்விட்டான்.

அது கடிதம் இல்லை. பள்ளிக்கூடக் கட்டுரை. தலைப்பு, 'மாலையில் என் வீடு'.

அந்த வருடம் ஜெர்மன் பாடம் கட்டாயம். எதிரியின் மொழி என்று அத்தனை பிள்ளைகளும் வேண்டுமென்றே தப்பும் தவறுமாக எழுதினார்கள். அவர்களால் முடிந்த போர் அதுதான். படம் போட்ட ஒரு கதைப் புத்தகம் பரிசு என்றதும் ஒருத்தி மட்டும் ஒழுங்காகப் படித்தாள். இந்தத் தாளில் ஒரு பிழைகூட இல்லை.

'அப்பா தினமும் வைக்கோல் பரணில் லண்டன் செய்தி கேட்பார். நான் சத்தம் போடாமல் இருப்பேன்.'

கீழே சிவப்பு மையில்: மிக நன்று.

அடா இல்லை. அடா இல்லவே இல்லை. ஒரு புத்தகத்துக்காக, பாவி! இத்தனை வருடக் கோபம் போக்கிடம் இல்லாமல் அவள் மேலேயே திரும்பிப் பாய்ந்தது. கண்ணாடியை ஓங்கி அறைந்தாள். உள்ளங்கை கிழிந்தது.

"அல்சிட்! உனக்குத் தெரியும்டா! தெரிஞ்சுதானே கூப்பிட்ட?"

புகைதான் அடர்ந்தது.

மூலையில் ஒரு நாற்காலி. அதில் ஒரு முதுகு. சீருடை இல்லை. தோளில் தையல் விட்ட கம்பளிச் சட்டை.

"அப்பா..."

திரும்பவில்லை. திருட்டு ரேடியோ கேட்பதற்காக டெலிபோனிலிருந்து கழற்றிய ரிசீவரைக் காதில் அழுத்தியிருந்தார். அதிலிருந்து கசிந்தது லண்டன் இல்லை. அந்தக் கட்டுரையை வாசிக்கும் ஒரு சிறுமியின் குரல். ஜெர்மன். பிழையே இல்லாமல்.

கட்டுரை முடிந்தது. மறுபடி முதலிலிருந்து. ஒவ்வொரு வரிக்கும் அப்பா தலையாட்டினார்.

அவள் கிட்டே போய் ரிசீவரைப் பிடுங்கப் பார்த்தாள். வரவில்லை. அதன் மேல் அவர் காதின் தோல் வளர்ந்து மூடியிருந்தது.