துரை பங்களாவின் சாப்பாட்டறை

கைறுன்னிஸா வழக்கம்போல வாசற்படியில் நின்று திரும்பி, ஆளில்லாத அறையைப் பார்த்து "போயிட்டு வாறேன்" என்றாள். "சரி, வாங்க" என்று அறைக்குள்ளிருந்து பதில் வந்தது.

சத்தமான குரல் இல்லை. விருந்து முடிந்து கிளம்புகிறவரை வீட்டுக்காரர் உட்கார்ந்த இடத்திலிருந்தே வழியனுப்புவதைப் போன்ற குரல். எப்படியும் திரும்பி வரத்தானே போகிறாய், இதற்காக எழுந்து வரவேண்டுமா என்கிற நிதானம் அதில் இருந்தது. ஆணா பெண்ணா என்று பிரித்தறிய முடியவில்லை.

அவள் அப்படியே நின்று பார்த்தாள். பார்வையாளர்கள் தாண்டாமலிருக்கக் கட்டிய சிவப்புக் கயிறு. அதற்கு அப்பால் நீண்ட மேசை, மஞ்சளேறிய விரிப்பு, கவிழ்த்து வைத்த பீங்கான்கள், மேசையை ஒட்டித் தள்ளிவைத்த கதிரைகள். ஒரு கதிரை மட்டும் சற்றே வெளியே இழுக்கப்பட்டிருந்தது. அதன் முன்னால் ஒரு கிளாஸ் தண்ணீர், மேலே சோசரால் மூடி. காட்சிக்கு வைத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்திருந்தாள். இப்போதுதான், கிளாஸின் உட்புறத்தில் சின்னச் சின்னக் குமிழிகள் ஒட்டியிருப்பதைக் கவனித்தாள். யாரோ சற்று முன்னர் ஊற்றிய தண்ணீர். கிராம்பும் பாச்சை உருண்டையும் ஈரத் துணியும் கலந்த வாடை அறையிலிருந்து மெல்ல வெளியே வந்து அவள் முகத்தில் படிந்தது.

கைறுன்னிஸா பயந்த சுபாவக்காரி அல்ல. மாத்தளையில் நெடுங்காலம் பூகோளம் படிப்பித்தவள். கணவர் மௌத்தான பிறகு, ஓய்வுபெற்ற ஆசிரியைகளோடு சேர்ந்து இஸ்தான்புல், சமர்கந்து, கெய்ரோ என்று சுற்றியவள். எந்த ஊரில் எந்த நூதனசாலையைப் பார்த்தாலும், எந்தப் பூந்தோட்டத்தில் நடந்தாலும், புறப்படும்போது திரும்பி நின்று தமிழில் "போயிட்டு வாறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் படியிறங்குவாள். "போறேன்" என்று மட்டும் சொல்லிப் போகிறவர்கள் செத்துப்போன மையித்துகள்தான் என்பது அவள் வளர்ந்த வீட்டின் பேச்சு. வழிகாட்டிகள் சிரிப்பார்கள். சுவர்கள் சும்மா இருக்கும். இந்த வருடம் முழங்கால் ஒத்துழைக்காததால், உலகத்தை விட்டுவிட்டுச் சொந்த மாவட்டத்தையே பார்ப்போம் என்று கிளம்பியிருந்தாள். முதல் இடம், பலாபத்வலைக்குச் சற்று அப்பால், வாசனைத் திரவியத் தோட்டத்துக்குள் இருந்த இந்தப் பழைய துரை பங்களா.

விறாந்தையில் காவலாளி அழகமுத்து பாயில் காய்ந்த மிளகைக் கையால் அளைந்துகொண்டிருந்தார். உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று அவள் கேட்டாள்.

"நானும் நீங்களுந்தான் டீச்சர். நான் இங்க இருக்கேன், நீங்களும் வெளிய வந்துட்டீங்க. அப்ப ஒருத்தருமில்ல." தன் கணக்கை நினைத்து அவரே சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "ஏங்க, சொல்லிட்டா வந்தீங்க?"

"இல்லையே" என்றாள். ஏன் பொய் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

"நல்லதாப் போச்சு. இங்க நாங்க யாரும் சொல்லிட்டு எறங்குறதில்ல. கதவச் சாத்துவோம், போயிருவோம்."

வருகிறவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லலாமே என்று அவள் கேட்டாள். சொல்லிப் பார்த்ததாக அவர் சொன்னார். சொல்லாதீர்கள் என்றால் சிரித்துக்கொண்டு வேண்டுமென்றே சொல்லிவிட்டுப் போகிறார்களாம். வாயை மூடிக்கொண்டிருந்தால் எப்போதாவது ஒருவர்தான் சொல்கிறாராம். ஆகவே வாயை மூடிக்கொண்டிருப்பதே மேல் என்று விட்டுவிட்டார்.

"அப்படிச் சொன்னவங்க என்ன ஆனாங்க?"

அழகமுத்து மிளகைத் தொடர்ந்து அளைந்தார். "வாறேன்னு சொல்லிட்டுத்தானே டீச்சர் போறாங்க" என்றார்.

அன்று இரவுச் சாப்பாட்டில் மகள் நிஷ்மியா அவளைச் சீண்டினாள். உலகமெல்லாம் சுற்றிய ஆள் கடைசியில் பலாபத்வலையில் வந்து நிற்கிறார் என்று சிரித்தாள். பிறகு, "இஸ்தான்புல்லுக்குச் சொன்ன மாதிரி தொரைக்கும் சொல்லிட்டு வந்தீங்களா உம்மா?" என்று கேட்டாள். கைறுன்னிஸாவின் கையிலிருந்த கரண்டி பீங்கானில் பட்டுச் சத்தமிட்டது.

"ஞாயித்துக்கிழமை நானும் போய்ப் பாக்கப் போறேன். படமெல்லாம் எடுக்கலாம்."

"அங்க பாக்குறதுக்கு ஒன்னுமில்ல மகள்."

"ஒன்னுமில்லாத எடத்துலயா பகல் பூரா நின்டீங்க?"

அந்த நேரத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாயெடுத்தாள். ஆனால் போன மாதம் அடுப்பை அணைக்க மறந்ததிலிருந்து நிஷ்மியா அவளைப் பார்க்கும் பார்வையே மாறியிருந்தது. கண்டியில் ஒரு டாக்டரிடமும் கூட்டிப்போயிருந்தாள். வெற்று அறை பேசியது என்று சொன்னால் அந்தப் பார்வை என்னவாகும்? அதோடு, பேசியதுதானா? காது கேட்டதா, மனம் கேட்டதா? நிச்சயமில்லாத ஒன்றைச் சொல்லக் கூடாது என்று பிள்ளைகளுக்குப் படிப்பித்தவள் அவள். முதலில் நிச்சயப்படுத்திக்கொள்வோம், ஞாயிற்றுக்கிழமைக்கு முன் சொல்லிவிடுவோம் என்று முடிவெடுத்தாள்.

ஏனென்றால் அந்தப் பழக்கம் நிஷ்மியாவிடமும் இருந்தது. பள்ளிக்கூடம் போகும் வயதிலிருந்தே, யாருமில்லாத வீட்டைப் பூட்டும்போதுகூட அவள் கதவுக்குள் தலையை நீட்டி, "போயிட்டு வாறேன்" என்று வீட்டிடம் சொல்லிவிட்டுத்தான் சாவியைத் திருப்புவாள். உம்மாவைப் பார்த்துக் கற்றது.

இரண்டு நாள் கழித்து அளுவிகாரைக் குகைக் கோயிலுக்குப் போனாள். மழை பெய்து ஓய்ந்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுக் குகைக்குள் நுழைந்தபோது கல்லின் குளிர்ச்சி உள்ளங்காலில் ஏறியது. எண்ணெய் விளக்குகளின் புகை, பூக்களின் வாடை, எங்கோ கூரையிலிருந்து சொட்டும் நீர், எல்லாம் எதிர்பார்த்தபடியே இருந்தன. பிறகு அந்த வாசனைகளுக்கு அடியிலிருந்து இன்னொன்று எழுந்தது. கிராம்பு. பாச்சை உருண்டை. ஈரத் துணி. குகையின் கடைக்கோடியில், பாறை திட்டுப்போல் நீட்டிக்கொண்டிருந்த இடத்தில், ஒரு கிளாஸ் தண்ணீர் சோசரால் மூடப்பட்டிருந்தது.

அவள் யாரிடமும் எதுவும் சொல்லிக்கொள்ளாமல் வெளியே வந்தாள். வாழ்நாளில் முதல் தடவையாக.

யாராவது ஊழியர் வைத்திருக்கலாம் என்று வழி முழுதும் தனக்குத்தானே சொன்னாள். சோசரால் மூடிய தண்ணீர் இந்த நாட்டில் எந்த மேசையில்தான் இல்லை? வாசனை மூக்கிலேயே தங்கிவிட்டிருக்கலாம். இரண்டும் நியாயமான காரணங்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது மட்டும் நியாயமாக இல்லை.

சனிக்கிழமை பஸ் ஏறி நாலந்தா கெடிகேக்குப் போனாள். நாவுலைக்கு இப்பால், நீர்த்தேக்கத்தின் கரையில், வெட்டவெளியில் நிற்கும் கல் கட்டடம் அது. அங்கே மேசையும் கிடையாது, சாப்பாட்டறையும் கிடையாது. அங்கும் அந்த வாடை வந்தால் கோளாறு தன்னிடம்தான், கண்டி டாக்டரிடம் தானே போய்விடுவோம் என்று தீர்மானித்திருந்தாள். காற்று நீரிலிருந்து வீசியது. புல் வாடையும் வெயில் காய்ந்த கல்லின் வாடையும் மட்டும் வந்தன. கட்டடத்தைச் சுற்றி வந்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. அழலாம் போலச் சந்தோஷமாக இருந்தது.

திரும்பும் வழியில், காவலாளியின் தகரக் கொட்டகைக்கு வெளியே ஒரு கதிரை போடப்பட்டிருந்தது. பக்கத்து ஸ்டூலில் கிளாஸ். அதன்மேல் சோசர்.

இது யாருடையது என்று காவலாளியிடம் சிங்களத்தில் கேட்டாள். அந்த இளைஞன் கிளாஸைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். தன்னுடையது இல்லை என்றான். கதிரையும் தன்னுடையது இல்லை. அம்மா வந்தபோது இங்கே இருந்ததால், அம்மாவோடு வந்தவர்கள் கொண்டுவந்து வைத்தார்கள் என்று நினைத்தானாம்.

"என்னோட யாரு வந்தா?"

அவன் சாலையைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான்.

அப்படியானால் கோளாறு தலையில் இல்லை. மற்றவர்களுக்கும் தெரிகிறது. ஒரு கணம் நிம்மதியாகவே இருந்தது. அடுத்த கணம் அந்த நிம்மதி எவ்வளவு பயங்கரமானது என்று புரிந்தது. நாளை ஞாயிறு. போனை எடுத்து நிஷ்மியாவுக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. சனிக்கிழமை பின்னேரம் அவளுக்கு டியூஷன் வகுப்பு, போன் பைக்குள் கிடக்கும். வீட்டுக்குப் போய் நேரிலேயே சொல்லுவோம். பைத்தியம் என்றாலும் சொல்லட்டும். அந்த இடத்துக்குப் போகாதே. போனாலும் வாயைத் திறக்காதே. அவ்வளவுதான். இரண்டு வசனம்.

பஸ்ஸில் முன்சீட்டின் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். பலாபத்வலை நெருங்கும் முன் பஸ் வேகம் குறைந்து நின்றது. இறங்குவார் யாருமில்லை. ஏறுவாரும் இல்லை. வாசலில் நின்ற கண்டக்டர் அவளைத் திரும்பிப் பார்த்து, "பங்களா சந்தி. எறங்குங்க அம்மா" என்றான்.

"நான் மாத்தளைக்கு டிக்கட் எடுத்தேன்."

"நீங்கதானே மணி அடிச்சீங்க."

அவளுடைய இடது கை மணிக்கயிற்றைப் பிடித்திருந்தது. கையை விடுவித்து மடியில் போட்டு, அதன்மேல் மற்றக் கையை வைத்து அழுத்தினாள். ஆயத்துல் குர்ஸியை ஓதத் தொடங்கி, பாதியில் மறந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். பஸ் உறுமிவிட்டு நகர்ந்தது. சந்தி பின்னால் போனது. பலாபத்வலைக் கடைகள் வந்தன, போயின. பிறகு மாத்தளையின் வெளிச்சங்கள்.

தெருவில் இறங்கியபோது மஃரிப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். வீட்டு ஜன்னலில் வெளிச்சம். வாசலில் நிஷ்மியாவின் சப்பாத்து. உள்ளே வெங்காயம் பொரியும் சத்தம். மகளின் இருமல்கூடக் கேட்டது. இவ்வளவு நேரம் அடக்கிவைத்த மூச்சை விட்டு, செருப்பைக் கழற்றி, கதவைத் தள்ளி, ஸலாம் சொல்லிக்கொண்டே வலது காலை உள்ளே வைத்தாள்.

பொரியும் சத்தம் நின்றது.

காலடியில் பலகைத் தரை. தன் வீட்டில் பலகைத் தரை இல்லை.

கிராம்பு. பாச்சை உருண்டை.

சிவப்புக் கயிறு அவளுக்குப் பின்னால் இருந்தது.

திரும்பினாள். கதவு இருந்தது. கதவுக்கு வெளியே விறாந்தை, மிளகுப் பாய், இருளும் தோட்டம். ஓடினாள். கால்கள் மேசையை நோக்கி நடந்தன. கதிரை இழுத்துவைக்கப்பட்டிருந்தது. உட்கார்ந்தாள். உட்கார மாட்டேன் என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்தாள். கவிழ்ந்திருந்த பீங்கான் நிமிர்ந்திருந்தது. கத்தினாள். சத்தம் வரவில்லை. மேசையைச் சுற்றி மற்றக் கதிரைகளில் ஆட்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தது. பார்க்கவில்லை. மூச்சுகள் கேட்டன. யாரும் எதுவும் உண்ணவில்லை. எல்லோரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விடிந்தது. ஜன்னல் வழியே வெயில் வந்து விரிப்பில் விழுந்தது. வெயில் அவள் கைகளின் ஊடாக விழுந்தது.

பிறகு நிஷ்மியா வந்தாள்.

அழுதழுது முகம் வீங்கியிருந்தது. தலையில் துணி ஏனோதானோவென்று கிடந்தது. விறாந்தையில் நின்று அழகமுத்துவிடம் ஏதோ கேட்டாள். உம்மாவைப் பற்றித்தான். செருப்பு வீட்டு வாசலில் கிடக்கிறது, ஆள் இல்லை, தெரிந்த இடமெல்லாம் தேடியாகிவிட்டது என்றாள். நேற்று இந்தப் பக்கம் வரவில்லை என்றார் அவர். உள்ளே ஒரு தடவை பார்க்கலாமா என்று கேட்டாள். அழகமுத்துவின் வாய் திறந்தது.

சொல்லுங்க, என்று கைறுன்னிஸா கத்தினாள். அவளுக்குச் சொல்லுங்க.

அவர் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். இந்த நிலையில் இருக்கிறவள் எதைச் சொல்லிக்கொண்டு போகப்போகிறாள் என்று நினைத்திருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டு கதவைத் திறந்துவிட்டார்.

நிஷ்மியா கயிறு வரைக்கும் வந்தாள். கையை நீட்டினால் தொடலாம். மேசையைப் பார்த்தாள், கதிரைகளைப் பார்த்தாள், உம்மாவின் முகத்துக்கு நேராக, அதன் ஊடாக, பின்சுவரைப் பார்த்தாள்.

"உம்மா" என்றாள், மெதுவாக. எதற்கென்று அவளுக்கே தெரியாததுபோல.

போ. ஒன்றும் சொல்லாமல் போ. என் தங்கமே, திரும்பிப் பார்க்காமல் போ.

நிஷ்மியா மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். வாசலைத் தாண்டினாள். ஒரு படி இறங்கினாள்.

நின்றாள்.

யோசித்துச் செய்த காரியமல்ல. கண்கள் வேறெங்கோ இருந்தன, மனம் வேறெங்கோ இருந்தது. ஆளில்லாத வீட்டைப் பூட்டும் சிறுமியைப் போலத் தலையை மட்டும் கதவுக்குள் நீட்டினாள்.

"போயிட்டு வாறேன்."

இரவு முழுதும் திறக்காத தொண்டை அப்போது திறந்தது. கைறுன்னிஸா பற்களைக் கடித்தாள். உதடுகளை இறுக்கினாள். குரல் எளிதாக, நிதானமாக, எழுந்து வரக்கூட அவசியமில்லாததுபோல வெளியே வந்தது.

"சரி, வாங்க."

நிஷ்மியாவின் முகம் மலர்ந்தது. அந்தக் குரல் அவளுக்குத் தெரியும். கயிறு வரை ஓடிவந்து, ஒவ்வொரு கதிரையாகப் பார்த்தாள். பிறகு மெல்ல மெல்ல அந்த மலர்ச்சி வாடியது.

மேசையில் கைறுன்னிஸாவின் கைகள் எழுந்தன. பக்கத்துக் கதிரையைச் சற்றே வெளியே இழுத்தன. ஒரு கிளாஸில் தண்ணீர் ஊற்றின. தூசி விழாமல், மகளுக்கு எப்போதும் செய்வதுபோலவே, அதைச் சோசரால் மூடிவைத்தன.