ஈரம் காயாத பக்கம்

எட்டு நாளாகியும் பசை காயவில்லை.

எவால்ட் பிரிங்மன் மேசையில் கிடந்த புத்தகத்தை மறுபடி திறந்து, அன்செல்மின் பக்கத்தின் ஓரத்தைக் கட்டை விரலால் தடவினான். விரல் வழுக்கியது. கோதுமை மாவைக் காய்ச்சிச் செய்த சாதாரணப் பசை அது. அமெரிக்காவில் போர்க் கைதியாக இருந்தபோது முகாம் சமையலறையில் கெஞ்சி வாங்கிய மாவில் எப்படிச் செய்வானோ அப்படித்தான் இப்போதும் செய்திருந்தான். அன்றைக்கெல்லாம் ஒரு மணி நேரத்தில் காய்ந்து காகிதம் விறைத்துவிடும். இந்த முறை ஒரு வாரமாகப் புத்தகத்தை அடுப்புக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தும் அது நேற்று தடவியதைப் போல நொசநொசவென்று இருந்தது. குனிந்து மோந்தான். புளித்த மாவின் வாடைக்கு அடியில், ஈரச் சிமெண்டும் மலிவுச் சோப்பும் துருப்பிடித்த குழாயும் கலந்த இன்னொரு வாடை மெல்ல வந்தது.

சமையலறையிலிருந்து மனைவி இர்மா குரல் கொடுத்தாள். "அந்தப் புத்தகத்தை எத்தனை தரம்தான் தொறந்து தொறந்து மூடுவ? ஊருக்கே அமெரிக்கா கதை சொல்ற வாயி, இன்னைக்கு ஏன் இப்படிப் பூட்டிக் கெடக்கு?"

அவள் சொன்னதில் தப்பில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில், ஜெர்மனியில் வேசர் ஆற்றங்கரையின் அந்தச் சின்ன ஊரில், அந்த ஒட்டுப் புத்தகத்தைப் பார்க்காதவர்களே கிடையாது. டின் பெட்டி அட்டையில் மேலட்டை, பூட்ஸ் கயிற்றில் தையல். உள்ளே சூயிங்கம் தாள்கள், சிகரெட் உறைகள், ஆரஞ்சுப் பெட்டியில் ஒட்டியிருந்த பழப்படத் தாள், சினிமா விளம்பரம், பருத்தி எடுக்கப் போன வயலின் காய்ந்த காய் ஒன்று. நடுவில், சிறுமிகள் பள்ளிக்கூடத்தில் தோழிகளிடம் நீட்டும் நினைவேட்டைப் போல, ஒரே கொட்டகையில் படுத்த முப்பத்தோரு பேரும் ஆளுக்கொரு பக்கம் எழுதியிருந்தார்கள். வலது பக்கத்தில் நாலு வரி. இடது பக்கம் படத்துக்காகக் காலி. விருந்தாளிகள் சிரிக்கச் சிரிக்க எவால்ட் பக்கங்களைப் புரட்டுவான். ஒரு பக்கம் அடியோடு அறுக்கப்பட்டிருந்தது. அந்த இடம் வந்ததும் இரண்டு தாள்களைச் சேர்த்துப் புரட்டப் பதினான்கு வருடத்தில் நன்றாகவே பழகியிருந்தான்.

போன மாதம் ஒட்டிலி என்ற பெண்ணிடமிருந்து கடிதம் வந்தது. அறுபட்ட அந்தப் பக்கத்தை எழுதிய அன்செல்மின் அக்கா. தம்பியின் கடிதங்கள் எல்லாம் குண்டுவீச்சில் வீட்டோடு எரிந்துவிட்டன, அவன் கையெழுத்தில் ஒரு வரிகூடத் தன்னிடம் இல்லை, உங்கள் புத்தகத்தில் அவன் எழுதியிருப்பதாகக் கேள்விப்பட்டேன், ஒரு தடவை பார்க்கலாமா என்று கேட்டிருந்தாள். இர்மா அவனைக் கேட்காமலே பதில் போட்டுவிட்டாள். இறந்தோர் ஞாயிறன்று காப்பிக்கு வாருங்கள், ஊரே கல்லறைக்குப் போகும் நாளில் உங்களுக்கும் போக ஓர் இடம் வேண்டாமா என்று.

பக்கம் தொலைந்துவிட்டது என்று எவால்ட் சொல்லியிருக்கலாம். எலி தின்றுவிட்டது என்றுகூடச் சொல்லியிருக்கலாம். ஆனால் எப்படித் தொலைந்தது என்று அவள் கேட்பாளே என்ற பயத்தில் செய்யக்கூடாத ஒன்றைச் செய்தான். இர்மா தேவாலயத்துக்குப் போன காலையில் பழைய தாள் ஒன்றை எடுத்து, அன்செல்மின் கையெழுத்தில் தானே நாலு வரி எழுதினான். அன்செல்மின் எழுத்து இடது பக்கமாகச் சாயும். எவால்டின் வலக்கைக்கு அந்தச் சாய்வு வரவே இல்லை. சும்மா பேனாவை இடக்கைக்கு மாற்றினான். பிறந்ததிலிருந்து ஒரு எழுத்துகூட எழுதாத கை. அது தடுமாறாமல் நாலு வரியையும் எழுதி முடித்தது. தாளை அறுபட்ட இடத்தில் ஒட்டினான். அப்போதே பயந்திருக்க வேண்டும். பெருமைப்பட்டுக்கொண்டான். அதை நினைத்தால் இப்போது காது மடல்வரை சுட்டது.

இர்மா கோட்டை மாட்டிக்கொண்டு, ஊசியிலை வளையத்தைக் கையில் எடுத்தாள். பெற்றோரின் கல்லறையில் வைத்துவிட்டு வந்துவிடுவேன், அந்த அம்மா முன்னாடியே வந்துவிட்டால் கேக்கை வெட்டிக் கொடு என்றாள். வருகிற விருந்தாளியும் புத்தகத்தில் ஒரு வரி எழுதட்டும் என்று பேனாவையும் மைக்கூட்டையும் மேசையில் எடுத்து வைத்துவிட்டுப் போனாள். மணி மூன்றரை. நவம்பர் வெளிச்சம் அதற்குள் சன்னலை விட்டுப் பின்வாங்கத் தொடங்கியிருந்தது. துக்க நாள் என்பதால் தெருவில் எந்த வீட்டிலும் ரேடியோ பாடவில்லை. எங்கோ சுவருக்குள் தண்ணீர் சொட்டுவதைப் போலிருந்தது. அந்தச் சுவரில் குழாய் கிடையாது.

அவன் குனிந்து பார்த்தான். தான் எழுதிய நாலு வரியையும் எண்ணினான். ஐந்து இருந்தன.

'தயவுசெய்து எங்களை இவர்களிடமிருந்து பிரித்து வையுங்கள்.'

அந்த வரியை அவனுக்குத் தெரியும். பெயர் போடாமல் அமெரிக்க முகாம் அதிகாரிக்கு எழுதப்பட்ட கடிதத்தின் முதல் வரி அது. கொட்டகையில் இன்னும் நாஜிக் கட்சிப் பாட்டைப் பாட வைத்து, பாடாதவனை அடித்துக்கொண்டிருந்த சார்ஜென்ட் ஹார்ட்விக்கின் கையில் அந்தக் கடிதம் எப்படியோ சிக்கிவிட்டது. ஹார்ட்விக் ஒவ்வொருவன் முகத்துக்கு நேராகவும் அதை ஆட்டிக் காட்டினான். எவால்ட் பார்த்த உடனே அன்செல்மின் எழுத்து என்று கண்டுகொண்டான். மறுநாள் ஹார்ட்விக் சிரித்துக்கொண்டே வந்து, எல்லாரும் எழுதியிருக்கிறார்களாமே, நானும் எழுதுகிறேன், புத்தகத்தைக் கொடு என்றான். எழுத்தை ஒப்பிடத்தான் கேட்கிறான் என்று தெரிந்தும் எவால்ட் கொடுத்தான். கொடுக்காமல் இருந்திருக்க முடியாது என்றுதான் பதினான்கு வருடமாகத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வருகிறான். ஆனால் புத்தகத்தை மட்டும்தான் கேட்டார்கள். அன்செல்மின் பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு சூயிங்கம் தாளைச் செருகிக் கொடுக்கும்படி யாரும் கேட்கவில்லை. தன் மேல் சந்தேகம் வராமலிருக்க அவனாகவே செருகினான்.

மறுநாள் காலை புத்தகம் திரும்பி வந்தது. அந்தப் பக்கம் சவர பிளேடால் சுத்தமாக அறுக்கப்பட்டிருந்தது. 'நன்றி' என்று சொல்லி எவால்ட் வாங்கிக்கொண்டான். குளியல் கொட்டகையில் தண்ணீர்க் குழாயிலிருந்து அன்செல்மை அப்போதுதான் இறக்கிக்கொண்டிருந்தார்கள். தற்கொலை என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

இப்போது பக்கத்தைப் பிய்த்துவிடப் பார்த்தான். வரவில்லை. நகத்தால் நெம்பினான். தாள் தோலைப் போல இழுபட்டு, விட்டதும் பழைய இடத்துக்கே போனது. இடக்கை விரல்கள் முழுக்கப் பசை. கைக்குட்டையால் துடைத்தான். போகவில்லை. அழைப்பு மணி அடித்தது.

ஒட்டிலிக்கு ஐம்பது வயதிருக்கும். கறுப்புக் கோட்டு, கறுப்புத் தொப்பி, கையில் ஒரு பிடி வெள்ளைச் செவ்வந்தி. தம்பிக்கு இங்கே கல்லறை இல்லாததால் பூவைப் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். காப்பி வேண்டாம் என்றாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பக்கத்தைப் பார்த்தாள்.

"அவன் எழுத்துதான்," என்றாள்.

எவால்டுக்கு மூச்சு வந்தது. அந்த நிம்மதிக்காகத் தன்னையே காறித் துப்பிக்கொள்ளலாம் போலிருந்தது.

அவள் மெதுவாகப் பேசினாள். ஒவ்வொரு வருடமும் இந்த ஞாயிறன்று தேவாலயத்தில் இறந்தவர்களின் பெயர்களை வாசிப்பார்களாம். தானாகச் செத்தவன் பெயரைக் கொடுக்க அம்மா ஒத்துக்கொள்ளவே இல்லையாம். அவன் பெயரை வாயால் சொல்லாமலே போய்ச் சேர்ந்தாளாம். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு எவால்டின் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்க பக்கத்துலயே இருந்தவரு. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். எம் தம்பி தானாத்தான் செத்தானா?"

சொல்லிவிடலாம். ஒரு வாக்கியம் போதும். நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் இர்மாவுக்குத் தெரியும். ஊருக்குத் தெரியும்.

"ஆமா," என்றான். "மனசு ஒடஞ்சு போயிருந்தான். நாங்க யாரும் கவனிக்கல."

அவள் தலையாட்டினாள். அழவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

சுவருக்குள் சொட்டுவது நின்றது.

மேசையில் ஏதோ நகர்ந்தது. பார்த்தான். அவனுடைய கை. இடக்கை. பேனாவை எடுத்துக்கொண்டிருந்தது. மையில் தோய்த்தது. அவன் தோய்க்கவில்லை. பின்னால் இழுத்தான். தோள்வரைதான் அவன் சொன்னதைக் கேட்டது. முழங்கைக்குக் கீழே யாருடைய கையோ இருந்தது.

படத்துக்காகக் காலியாக விட்ட இடது பக்கத்தில் பேனா முள் இறங்கியது.

'ஒட்டிலி.'

இடது பக்கமாகச் சாய்ந்த எழுத்து. அவள் குனிந்தாள். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டாள்.

'நானாகச் சாகவில்லை. ஏழு பேர் வந்தார்கள்.'

வலக்கையால் இடது மணிக்கட்டைப் பிடித்தான். ஈரமாக இருந்தது. ஜில்லென்று. கத்த வாயைத் திறந்தான். புளித்த மாவு தொண்டையை அடைத்தது. சத்தம் வரவில்லை.

'புத்தகத்தை இவன் கொடுத்தான். என் பக்கத்தில் அடையாளம் வைத்துக் கொடுத்தான்.'

இப்போது நிமிர்ந்து பார்ப்பாள். திட்டுவாள். அறைவாள். அவன் காத்திருந்தான். வேண்டிக்கொண்டான்கூட. பார்க்கட்டும். ஒரு தடவை பார்த்தால் போதும்.

அவள் பார்க்கவில்லை. எவால்டின் நாற்காலியில் ஆளே இல்லாததைப் போல, இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். காப்பிக் கோப்பையைத் தள்ளி வைத்தாள். மைக்கூட்டை நெருக்கி வைத்தாள். அவன் வலக்கையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து மணிக்கட்டிலிருந்து எடுத்துவிட்டாள். எழுதும் விரல்களைத் தன் விரலால் மெல்லத் தடவினாள்.

"எடக்கையால எழுதினா பள்ளிக்கூடத்துல அடிப்பாங்கன்னு இந்தக் கையை நான்தாண்டா துணியால கட்டி வெச்சேன்," என்றாள். "இனிமே கட்ட மாட்டேன். எழுதுடா தங்கம்."

பக்கம் நிறைந்தது. அவள் அடுத்த தாளைப் புரட்டிக் கொடுத்தாள்.