கடலடியில் ஒரு நெரை

படகில் ஏறும் முன் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். வெள்ளை மெத்தை அழுக்காகிவிடுமாம். அம்மா கோயில் வாசலில் விடுவது போல இரண்டையும் ஓரமாகச் சேர்த்து வைத்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் தங்கச்சி செத்த இடத்தைப் பார்க்க வந்திருக்கிறோம், இவர்களுக்கு மெத்தையைப் பற்றித்தான் கவலை.

மாத்தறைப் பக்கத்துக் கடல் அது. காலை வெயில் கண்ணைக் குத்தியது. படகில் பழச்சாறு, பூப்போட்ட துவாய்கள், கூடை நிறைய முகமூடிகளும் மூச்சுக் குழாய்களும் இருந்தன. நான்கைந்து வெள்ளைக்காரர்கள் ஆமை பார்க்கப் போகிற குஷியில் இருந்தார்கள். அம்மாவின் மடியில் ஒரு பித்தளைச் செம்பு இருந்தது. செம்பின் வாயைக் கட்ட ஒரு வெள்ளைத் துணியும் கொண்டு வந்திருந்தாள்.

எங்கள் தேயிலைத் தோட்டம் நோர்வூட்டுக்கு மேலே இருக்கிறது. அந்தக் காலத்துத் துரை பங்களா இப்போது ஹோட்டல். அதை நடத்துகிற கம்பெனிக்குத்தான் இந்தப் படகும். மலையில் இரண்டு நாள் தங்கி, கூடையை முதுகில் மாட்டிப் படம் பிடித்துவிட்டு, கடலுக்கு வந்து ஆமையோடு நீந்திவிட்டுப் போகலாம். அதற்கு மேனேஜர் கிளைவ். பக்கத்துத் தோட்டத்துப் பெரிய கிளார்க்கின் மகன், எங்கள் ஆள். அதனால்தான் நம்பினோம். நாங்கள் இருக்கிற லயத்து வரிசை வீடுகளுக்கே வந்து, "நம்ம புள்ளைங்க இன்னும் எத்தனை காலத்துக்கு அட்டைக்கு ரத்தம் குடுக்குறது?" என்று கேட்டான். அந்தப் பேச்சில் மயங்கித்தான் நிலக்ஷி படகு வேலைக்குப் போனாள்.

அவளுக்கு நீச்சல் தெரியாது. காசல்ரி நீர்த்தேக்கத்தைத் தூரத்தில் நின்று பார்த்ததோடு சரி. போன வருசம் சீசனில் ஒருநாள் கடலில் விழுந்தவள் மேலே வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. ஆமையைப் பார்க்கிற ஆசையில் அவளாகவே குதித்துவிட்டாள் என்றான் கிளைவ். லயத்தில் அதற்குக் கண்ணும் காதும் வைத்தார்கள். ஏதோ காதல் சமாச்சாரமாம், வேண்டுமென்றே விழுந்தாளாம். அம்மா அன்றிலிருந்து மலை ஊற்று கொட்டுகிற பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனால்கூட யாரோடும் பேசுவதில்லை. கருமாதியும் செய்யவில்லை. மாலை போடாத படம் சுவரில் தொங்கியது.

வெளியூரில் செத்தவர்களை வீட்டுக்குக் கூப்பிடுகிற வழக்கம் எங்களிடம் உண்டு. உயிர் போன இடத்துக்குப் போய்ப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, அந்த இடத்துத் தண்ணீரைச் செம்பில் எடுத்து, வாயைக் கட்டி, வழியில் ஒரு வார்த்தை பேசாமல் கொண்டுவந்து ஊர்ப் பீலியில் ஊற்ற வேண்டும். அதோடு அவர்கள் அடங்கிவிடுவார்கள்.

வரும்போது வேனில் அம்மா சொல்லியிருந்தாள். "பேரச் சொல்லிக் கூப்புட்டாத் தூங்க வருவாங்க. வேற எதச் சொல்லிக் கூப்புட்டாலும் அதுக்குத்தான் வருவாங்க. நீ வாயத் தொறக்காத."

கிளைவ் எங்களுக்குச் செம்மஞ்சள் நிற மிதவை ஜாக்கெட்டுகளைக் கொண்டுவந்து தானே வாரை இறுக்கினான். செத்தவளுக்காக ஒரு நல்ல காரியம் செய்கிற முகம் அவனுக்கு.

"சார், நிலக்ஷிக்கும் இப்புடி ஒன்னு குடுத்திருந்தீங்களா?" என்று கேட்டேன்.

"குடுக்காம இருப்பேனாம்மா? அவதான் கழட்டிப் போட்டுட்டா. சொன்னாக் கேக்குற புள்ளையா அவ?"

அட்டைக்குப் பயந்து கால்சட்டையின் விளிம்பை நூல் போட்டுக் கட்டிக்கொண்டு மலைக்கு வருவாள் நிலக்ஷி. பீலியடிக் கல்லில் பாசி இருந்தால் என் கையைப் பிடிக்காமல் இறங்க மாட்டாள். அவளா கழற்றுவாள்? அவன் முகத்தில் காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. அம்மாவுக்காக அடக்கிக்கொண்டேன்.

படகு நின்றது. தண்ணீர் அடிவரை தெரிந்தது. கீழே பரந்த புல்வெளி, அதில் ஆமைகள் மேய்ந்துகொண்டிருந்தன. வெள்ளைக்காரர்கள் முகமூடியை மாட்டிக்கொண்டு சிரித்தபடி குதித்தார்கள். ஒரு ஆமை படகருகே தலையைத் தூக்கி, கிழவன் மாதிரி பெருமூச்சு விட்டுவிட்டு மறுபடி கீழே போனது.

அம்மா படகின் பின்னால் ஏணிப் பக்கம் குனிந்தாள்.

"நாகலெட்சுமி மகளே, நிலக்ஷி. வீட்டுக்கு வா."

மூன்று தடவை கூப்பிட்டுவிட்டுச் செம்பைத் தண்ணீருக்குள் அமிழ்த்தினாள். தூக்கினாள்.

செம்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

மறுபடியும் அமிழ்த்தினாள். முழங்கை வரை நனைந்தது. செம்பின் உள்பக்கம் அடுப்பிலிருந்து இறக்கியது போலக் காய்ந்து கிடந்தது.

"அவ வரமாட்டேங்குறாடி லோஜினி," என்றாள் அம்மா.

கிளைவ் கிட்டே வந்து காதோடு சொன்னான். "அக்கா, கெஸ்ட் எல்லாம் பாக்குறாங்க. கொஞ்சம் வெரசா முடிங்க."

அந்த ஒரு பேச்சில் எனக்குத் தலைக்கேறிவிட்டது. சின்ன வயதில் லீவு நாளில் நாங்களும் அம்மாவோடு மலைக்குப் போவோம். காலையில் முதல் கைப்பிடிக் கொழுந்தைக் கூடையில் போடும்போது ஒருத்தி "பொலி!" என்று குரல் கொடுப்பாள். பக்கத்துத் தேயிலை வரிசையில், பக்கத்து நெரையில், நிற்கிறவள் "பொலியோ பொலி!" என்பாள். கூடை நிறைய வேண்டும், விளைச்சல் பெருக வேண்டும் என்று வேலையைத் தொடங்குகிற குரல் அது. நிலக்ஷி கோபித்துக்கொண்டு தேயிலைக்குள் ஒளிந்தால், பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பயனில்லை. பொலி என்றால் மட்டும் வாய் தானாகத் திறந்துவிடும். மூடுபனியில் எத்தனையோ தடவை அவளை அப்படிக் கண்டுபிடித்திருக்கிறேன்.

அம்மா சொன்னதெல்லாம் மறந்துபோனது. கடலைப் பார்த்துக் கத்தினேன்.

"பொலி!"

அலை நின்றது.

படகுக்கு அடியிலிருந்து பதில் வந்தது.

"பொலியோ பொலி..."

மேல்தட்டிலிருந்து கெப்டன் எட்டிப் பார்த்து, "கௌத ஏ?" என்றான். யாரது என்று சிங்களத்தில் கேட்கிறான். உப்புக் காற்று போய், பாக்டரி மாடியில் வாடப் போட்ட பச்சைக் கொழுந்தின் வாசம் படகு முழுக்க ஏறியது. அம்மா என் கையை நகம் பதியப் பிடித்தாள்.

அப்போதுதான் அந்த வெள்ளைக்காரப் பெண் ஏணியில் தாவி ஏறினாள். முகமூடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு மூச்சு வாங்கினாள். பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீசில் எனக்கு விளங்கியது. கீழே உங்கள் வேலைக்காரப் பெண் ஒருத்தி இருக்கிறாள் என்றாள். படகு வேலைக்காரர்கள் போடுகிற நீலச் சட்டை போட்டிருக்கிறாள் என்றாள். முகமூடியும் இல்லை, குழாயும் இல்லை, ஆமைகளுக்கு நடுவில் நின்று புல்லைப் பறித்துக்கொண்டிருக்கிறாள் என்றாள்.

எப்படிப் பறித்தாள் என்று செய்து காட்டினாள். இரண்டு கையும் ஒன்றாக ஓடின. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் கிள்ளின. பிடி நிறைந்ததும் தோளுக்கு மேலே பின்பக்கம் வீசினாள். முந்தாநாள் பங்களாவில் கூடை மாட்டிப் படம் பிடித்தபோது இதே பெண்ணுக்கு ஒரு கொழுந்துகூட ஒழுங்காகக் கிள்ள வரவில்லை. லயத்துப் பிள்ளைகள் பார்த்துச் சிரித்தார்கள்.

"இதை உங்களிடம் கொடுக்கச் சொன்னாள்," என்று கிளைவிடம் கையை நீட்டினாள்.

பாசி பிடித்து, சிப்பி ஒட்டிய ஒரு சின்னக் கேமரா.

கிளைவின் முகத்தில் ரத்தமே இல்லை.

"கேமராவ எடுக்கத்தானே சொன்னேன்," என்றான். யாரிடம் சொன்னான் என்று தெரியவில்லை. "கெஸ்ட்டோட கேமரா விழுந்துருச்சு. ஏணியில எறங்கி எடுன்னேன். ஜாக்கெட்டப் போட்டுக்கிட்டு முங்க முடியாதே, அதான்..."

வாயை மூடிக்கொண்டான். மூடி என்ன செய்ய? அம்மா கேட்டுவிட்டாள், நானும் கேட்டுவிட்டேன். மற்றவர்களுக்குத் தமிழ் தெரியாது. அந்தத் துணிச்சலில்தான் அந்தப் பெண்ணின் கையிலிருந்து கேமராவைப் பறித்து, வீசிக் கடலில் எறிந்தான்.

அம்மா அழவில்லை. செம்பை மறுபடி தண்ணீரில் வைத்தாள். இந்தத் தடவை மடக்கென்று ஒரு சத்தம் கேட்டது. செம்பு ஒரே மூச்சில் நிறைந்தது. அதைத் தூக்க நாங்கள் இரண்டு பேரும் வேண்டியிருந்தது.

வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. கினிகத்தேனைக்கு மேலே அத்தனை வளைவிலும் வேன் ஆடியது, செம்பு அசையவில்லை. கட்டின துணிக்குக் கீழே மட்டும் ஏதோ கிள்ளுகிற சத்தம் மெல்லக் கேட்டுக்கொண்டே வந்தது.

கிள். கிள். கிள்.

தோட்டத்தில் இறங்கியபோது பட்டப்பகலிலேயே பனி மூடியிருந்தது. பீலியடியில் நான் நின்றேன். அம்மா நிற்கவில்லை. நேரே லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பிராவுக்குள் போய், நிலக்ஷியின் படத்துக்குக் கீழே செம்பை வைத்தாள்.

"ஊத்த மாட்டேன்," என்றாள்.

"ம்மா, ஊத்தலன்னா அவ அடங்க மாட்டாளே!"

"நீதான பொலி சொல்லி அவள வேலைக்குக் கூப்புட்ட? வேலை முடியாம எப்புடி அனுப்புறது?"

அம்மாவின் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. பயமாக இருந்தது. உண்மையைச் சொன்னால், எனக்கு உள்ளுக்குள் சந்தோசமாகவும் இருந்தது.

அவன் மறுபடி லயத்துக்கு வரமாட்டான் என்றுதான் நினைத்தேன். வந்தான். வெட்கங்கெட்டவன், அந்த வாரமே வந்தான். படகுக்கு ஆள் வேண்டுமே. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு எல்லாரும் கூடி நிற்கிற இடத்தில் வேனை நிறுத்திவிட்டு, நல்ல சம்பளம், குளிர் அறை, சாப்பாடு இலவசம் என்று அளந்தான். பள்ளிக்கூடம் முடித்துவிட்டு வீட்டில் இருந்த கேத்ரின் முன்னால் வந்து நின்றாள். நிலக்ஷியின் வயசுதான் அவளுக்கும்.

"எனக்கு நீந்தத் தெரியாதே சார்?"

"அதெல்லாம் பரவால்லம்மா. அதுக்குத்தான் நாங்க இருக்கோம்ல?"

நான் வாயைத் திறப்பதற்குள், ஒரு வருசமாக ஊரில் குரல் உயர்த்தாத என் அம்மா கூட்டத்துக்குப் பின்னாலிருந்து கத்தினாள்.

"பொலி!"

ஒரு பெண்ணும் பதில் கொடுக்கவில்லை.

பதில் கிளைவின் வாயிலிருந்து வந்தது.

"பொலியோ பொலி..."

அது என் தங்கச்சியின் குரல்.

பின்னாலேயே தண்ணீரும் வந்தது. வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் கொட்டி, சட்டையை நனைத்து, பெரட்டுக்களத்து மண்ணில் ஓடியது. ஆயிரத்துச் சொச்சம் மீட்டர் உயரத்தில், எங்கள் மலையில், கடல் நாறியது. பிறகு அவன் தன் சொந்தக் குரலில் பேசினான். கண் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது.

"கழட்டுடி. ஜாக்கெட்டக் கழட்டு. அழாத, கெஸ்ட்டு பாக்குறாங்க. நேரமாகுது, எறங்கு. எறங்குன்னு சொல்றேன்ல!"

தோட்டமே கேட்டது. காதல் சமாச்சாரம் என்று கதை கட்டியவர்கள் அத்தனை பேரும் கேட்டார்கள். கேத்ரின் அலறிக்கொண்டு ஓடி அவள் அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

அவன் கைகள் உயர்ந்தன. காற்றில் கிள்ள ஆரம்பித்தன. கட்டை விரல், ஆள்காட்டி விரல், பிடி நிறைந்ததும் தோளுக்கு மேலே வீச்சு. நிறுத்தப் பார்த்தான், முடியவில்லை. ஒரு கையால் மறு கையைப் பிடிக்கப் போனான், இரண்டும் சேர்ந்து கிள்ளின. டிரைவர் அவனை இழுத்து வேனில் போட்டுக் கதவைச் சாத்திய பிறகும், கண்ணாடிக்குப் பின்னால் கைகள் ஓடிக்கொண்டிருந்தன.

இப்போதும் நிற்கவில்லையாம். ஆஸ்பத்திரியில் கட்டிலோடு கட்டி வைத்திருக்கிறார்கள் என்றான் டிரைவர். விரல் நுனியில் கொழுந்துக் கறை ஏறியிருக்கிறதாம், எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகவில்லையாம்.

நேற்று அம்மாவிடம் சொன்னேன். "போதும்மா. பேரு கெட்டது தீந்துருச்சு. செம்ப எடுத்துப் பீலியில ஊத்திருவோம்."

அம்மா அரிசி பொறுக்கிக்கொண்டே கேட்டாள். "அந்தப் படகு இன்னும் ஓடுதா?"

"ஓடுதாம். வேற மேனேஜர் வந்திருக்காராம்."

"ஆளு எடுக்குறாங்களா?"

பூண்டுலோயாப் பக்கம் இரண்டு பிள்ளைகளைக் கேட்டிருக்கிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. அம்மா எழுந்து போய், செம்பின் துணியை அவிழ்த்து, இன்னும் இறுக்கமாகக் கட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

இன்று காலை அம்மாவும் நானும் மலைக்குப் போனோம். காம்பிராவைப் பூட்டிச் சாவியை நான்தான் இடுப்பில் செருகியிருந்தேன். என் பக்கத்து நெரை நிலக்ஷியுடையது, யாரும் அதில் நிற்பதில்லை. முதல் பிடியைக் கூடையில் போட்டேன். இப்போதெல்லாம் நான் பொலி சொல்வதில்லை.

கேட்காமலே பதில் வந்தது. பனிக்குள்ளிருந்து, தோளுக்குப் பக்கத்தில்.

"பொலியோ பொலி..."

கூடை சற்றுக் கனத்தது. கையை விட்டுப் பார்த்தேன். கொழுந்துக்கு மேலே, சில்லென்று, ஒரு பிடி கடற்புல். முற்றல் ஒன்றுகூட இல்லாமல் நுனி மட்டும் அழகாகக் கிள்ளியிருந்தது.

வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா மேட்டிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார். நான் அதைக் கொழுந்துக்கு அடியில் அமுக்கிவிட்டு அடுத்த செடிக்கு நகர்ந்தேன். இந்நேரம் பாக்டரிக்குப் போயிருக்கும். யார் கோப்பைக்குப் போகிறதோ, போகட்டும்.