கூவலுக்குப் பதில்

இன்னும் ஒரு தட்டு கழுவச் சொன்னால் இந்தச் செம்மண்ணிலேயே படுத்துவிடுவேன் என்று நினைத்தாள் நரெல். நாள் முழுக்கக் கற்பாதையில் வண்டியோட்டிய கைகள் இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தன. பெயர்தான் விடுமுறை, வீட்டு வேலை அத்தனையும் பள்ளத்தாக்குக்குக் கூடவே வந்திருந்தது.

மகள் டெஸ் பாறைச் சுவரைப் பார்த்து, "கூ...ஈ" என்று கூவினாள். எதிரொலி வந்தது. அலுத்துப்போய்க் கூடாரத்துக்குள் நுழைந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, யாரும் கூவாமலேயே எதிரொலி இன்னொரு முறை வந்தது.

களைப்புதான் என்று நரெல் தட்டைத் துடைத்தாள்.

கணவன் டாரன் கேனோடு கீழ்ப்பக்கத்துக் குட்டைக்குத் தண்ணீர் எடுக்கக் கிளம்பினான். போன தடவை வழி தவறி யாரோ ஒருவரின் கூடாரத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தானே என்று டெஸ் உள்ளேயிருந்தே சீண்டினாள்.

"அங்க பிஸ்கட்டும் குடுத்தாங்க, தெரியுமா?" என்றபடி போனான்.

சுவர்களின் சிவப்பு ஊதாவாகி, வெள்ளைப் பட்டை மரங்கள் இருட்டில் எலும்புகளாய்த் துலங்கி, பகலெல்லாம் காய்ந்த கல்லின் இரும்பு வாசனையோடு அழுகிய இலை வாசனையும் கலந்து ஏற, கிளைகளில் சண்டையிட்டுக்கொண்டிருந்த கிளிகள் எல்லாம் ஒரே நேரத்தில் வாயடைத்துப்போனபோது, டாரனின் குரல் கேட்டது.

"கூ...ஈ."

கூவல் கேட்டால் பதில் கூவவேண்டும். நடக்கப் பழகும்போதே அந்த நாட்டில் எல்லோருக்கும் சொல்லித்தருவது அது. வழி தவறியவன் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் வந்து சேருவான். அதோடு, யார் கூப்பிட்டாலும் பதில் கொடுப்பது அந்த வீட்டில் எப்போதும் நரெலின் வேலை. யோசிக்காமல் கூவினாள். அவன் கூவினான், கிட்டத்தில். மறுபடி கூவினாள். இன்னும் கிட்டத்தில்.

கல் உருளவில்லை. பூட்ஸ் சத்தமில்லை.

குரல் வந்தது மேல்பக்கத்திலிருந்து.

அப்போது கீழே, வெகு தொலைவிலிருந்து, மூச்சு வாங்க இன்னொரு கூவல். அதுவும் டாரன்.

"நரெல், கால் மடங்கிடுச்சு. டார்ச்சும் போயிடுச்சு. ஒண்ணும் தெரியல, குரல் குடு."

பிறகு மேல்பக்கத்துப் பாறைக்குப் பின்னால், மிக அருகில், அதே மூச்சுவாங்கலோடு:

"நரெல், கால் மடங்கிடுச்சு."

அவளுக்குப் புரிந்தது. தன் குரல்தான் அதற்கும் வழி. இனி ஒரு முறை வாய் திறந்தால், பக்கத்தில் இருப்பதுதான் முதலில் வந்து சேரும். வண்டிச் சாவியோ டாரனின் சட்டைப் பையில். நெருப்பின் மேல் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டுக் கூடாரத்துக்குள் ஊர்ந்தாள். மகளை இறுக்கிக்கொண்டாள்.

வெளியே ஒன்றும் நடக்கவில்லை. நடக்கும் ஓசை கேட்கவில்லை. ஆனால் கூடாரத்துணி மெல்ல உள்ளே குழிந்தது. அப்போதுதான் பாறைச் சுவருக்கு மேலே வந்த நிலவில், அழுத்தியதன் வடிவம் தெரிந்தது. முகம் இல்லை. காது. உள்ளங்கையை விடப் பெரிய காது, துணியில் அழுந்தி, அசையாமல்.

கீழே டாரன் கூவினான். குரல் உடைந்திருந்தது.

டெஸ் அம்மாவின் கழுத்தில் வாயை வைத்து மூச்சோடு மூச்சாகச் சொன்னாள்: "அப்பா பாவம்மா. பதில் சொல்லேன்."

காது இன்னும் கொஞ்சம் உள்ளே வந்தது.

நரெல் மகளின் வாயைப் பொத்தினாள். வேண்டாம் என்று தலையசைத்தாள்.