டப்பாவில் முப்பத்திரண்டு சீட்டு

அந்த வகுப்பிலேயே சுருட்டைக்குத்தான் வாய் நீளம். சுருள் முடியால் வந்த பெயர் அது. வகுப்புத் தலைவி என்பதால் அதிகாரமும் கொஞ்சம் தூக்கல்.

டீச்சர் மூன்று மாதமாக இரண்டு பழைய பெரிய கதைகளைப் படித்துக் காட்டியிருந்தார். சிவப்பு அட்டைப் புத்தகத்தில் ஒரு சேனாதிபதி. அரியணை மேல் அவனுக்கு அப்படி ஓர் ஆசை. ஒரு சோதிடனைப் பிடித்து, ‘இவன் அரசனாவான், அதுதான் விதி’ என்று சொல்ல வைத்தே அரசனாகிவிடுகிறான். நீல அட்டைப் புத்தகத்தில் ஒரு மாலுமிப் பெண். புயலில் கப்பல் தலைவர் மயங்கி விழ, தலைமை தானாக அவள் கைக்கு வருகிறது. அவர் எழுந்ததும் சுக்கானைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறாள்.

“ஆசை, விதி, அதிகாரம். மூணும் ரெண்டு கதையிலயும் இருக்கு. ஆனா எப்படி வேற மாதிரி இருக்குன்னு ஆண்டு விழாவுல ஒருத்தர் பேசணும். சீட்டுக் குலுக்கிடலாமா?” என்றார் டீச்சர்.

சீட்டு எழுதுவது தலைவியின் வேலை. சுருட்டையோ, “நான்தான் பேசப்போறேன்” என்று அம்மாவிடம் ஏற்கனவே அளந்துவிட்டாள். வகுப்பில் ஆளுக்கு ஒன்று வீதம் முப்பத்திரண்டு சீட்டு எழுதினாள். முப்பத்திரண்டிலும் ஒரே பெயர்.

டீச்சர் டப்பாவுக்குள் கைவிட்டு ஒன்றை எடுத்தார். “அட, நம்ம சுருட்டை!”

பக்கத்தில் இருந்த ஊசிக்குக் கண் கலங்கியது. ஒல்லியான அந்தப் பெண் இரண்டு புத்தகங்களையும் தானே இரண்டு முறை படித்தவள். ஆனாலும் கைதட்டினாள்.

“நீ நல்லாப் பேசுவ. என் குறிப்பையும் வச்சுக்கோ” என்று நோட்டை நீட்டினாள்.

சுருட்டை பிரித்தாள். முதல் வரி: ‘சேனாதிபதிக்கு விதி வரவில்லை. அவனே அதை எழுதிக்கொண்டான்.’

சுருட்டையின் முகம் சுண்டிப்போனது. எழுந்து போய் டப்பாவை மேசைமேல் கவிழ்த்தாள்.

“எல்லாத்துலயும் என் பேருதான் டீச்சர். நான்தான் அப்படி எழுதினேன்.”



“முப்பத்திரண்டு தடவையா! கை வலிக்கலயா?” என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். சுருட்டைக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

டீச்சர் சிரிக்கவில்லை. “சரி, இப்ப யாரு எழுதறது?”

“அவளே எழுதட்டும் டீச்சர். டப்பாவைக் கவுத்ததும் அவதானே?” என்றாள் ஊசி.

சுருட்டை மறுபடி எழுதினாள். ஊசி எண்ணிப் பார்த்தாள்.

“முப்பத்தொண்ணுதான் இருக்கு. உன் சீட்டு எங்கடி?” என்று கேட்டு, அதைத் தானே எழுதிப் போட்டாள்.

இந்த முறை வந்தது ஊசியின் பெயர்.

விழா மேடையில் ஊசியின் குரல் கணீரென்று ஒலித்தது.

“சேனாதிபதி விதியைத் தானே எழுதிக்கிட்டு, கடைசி வரைக்கும் பயந்துகிட்டே ஆண்டான். மாலுமி சுக்கானைக் குடுத்துட்டு நிம்மதியாத் தூங்கினா. சேனாதிபதியா ஆரம்பிச்சு மாலுமியா முடிச்ச ஒருத்தியை எனக்குத் தெரியும். எனக்கு அந்த ரெண்டு பேரையும்விட அவளைத்தான் ரொம்பப் பிடிக்கும்!”

“யாருடி அது?” என்று சுருட்டையிடம் கேட்டார், விழா பார்க்க வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா.

அவ்வளவு வாய் நீளமான சுருட்டைக்கு அன்றைக்குப் பேச்சே வரவில்லை. கை மட்டும் தட்டிக்கொண்டே இருந்தது.